எங்கள் லைனுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு

மூன்றாமாண்டு மாணவி, அமைப்பியல் துறை

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டவர்கள், "கவிதைன்னா அரைப் பக்கத்துல முடிஞ்சிடும், கட்டுரைன்னா யாரும் படிக்க மாட்டாங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் தாளைக் கையில் கொடுத்தார்கள். கவிதை எனக்கு வராது. வருவதெல்லாம் டேப் பிடிப்பதும் லெவல் பார்ப்பதும்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க!

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் லைனில் இருக்கிறது. பதினோரு வீடு, ஒரே கூரை. பின்னால் தேயிலை மேடு, முன்னால் பள்ளம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்கு ரோட்டு கேங்கில் வேலை; மழை வந்தால் சாக்கடை வாருவதும், மண் விழுந்தால் மண்வெட்டியோடு ஓடுவதும் அவர் பாடு. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "பொம்பளப் பிள்ளைக்கு சிவிலா? வெயில்ல நின்னு கருத்துப் போவா" என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது அப்பா ஒரே வார்த்தை சொன்னார்: "நான் ரோட்டுல நிக்கிறேன், அவ ரோடு போடட்டும்."

2024 ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், லைனுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தரை வெடித்திருப்பதை அம்மா பார்த்தார். நான் தீபாவளி லீவில் வீட்டில் இருந்தேன். லைன் பெண்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள்: "நீதான் படிக்கிறியே பாப்பா, சொல்லு. இன்னிக்கு ராத்திரி வீட்டுல படுக்கலாமா, கோயில் மண்டபத்துக்குப் போயிடலாமா?"

நண்பர்களே, மண் இயக்கவியல் பேப்பரில் எனக்கு நல்ல மார்க். ஸ்லிப் சர்க்கிள் வரையச் சொன்னால் வட்டம் பிசகாமல் வரைவேன். ஆனால் அன்று அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "தெரியலக்கா" என்று சொன்னபோது எனக்கு உண்டான வெட்கம் இருக்கிறதே, அரியர் வைத்தால்கூட வராது. அந்த வெட்கத்தில்தான் ஒரு வருஷமாக இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: சரியப் போகும் மலையைக் கண்டுபிடிக்க முதல் கருவி அங்கே குடியிருப்பவரின் கண். இரண்டாவது கருவி நம் கையில் இருக்கும் டேப். சாட்டிலைட்டும் சென்சாரும் அதற்கு அப்புறம்தான். ஆனால் பேச்செல்லாம் மூன்றாவதைப் பற்றியே நடக்கிறது.

மலை சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று விழுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பல சரிவுகள் அப்படி இல்லை. மண் வில்லை ஒன்று கீழே நகரத் தொடங்கினால், அதன் தலைப்பக்கத்தில் தரை பிறை நிலா மாதிரி வெடிக்கும். கால்பக்கத்தில் தரை உப்பும். தாங்குசுவர் இருந்தால் வயிறு தள்ளும். கம்பங்கள் சாயும், வேலி ஒரு இடத்தில் தொய்யும், இன்னொரு இடத்தில் விறைக்கும். மரங்களைப் பார்த்தால் வயதே சொல்லலாம். அடிமரம் வளைந்து மேலே நேராக நின்றால், அந்த மண் பல வருஷமாக மெதுவாக ஊர்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். மரம் முழுசாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் நகர்ச்சை சமீபத்தியது.

வீட்டுச் சுவரிலும் தெரியும். ஆனால் இங்கே நம் ஆட்கள் ஏமாறுவார்கள். பூச்சு காய்ந்து வருகிற மயிரிழை வெடிப்பெல்லாம் மலையின் வேலை இல்லை. அது கொத்தனாரின் வேலை. மலையின் வெடிப்பு சுவரோடு நிற்காது. சுவரிலிருந்து தரைக்கு இறங்கும், வாசலைக் கடக்கும், சாக்கடையைப் பிளக்கும், அடுத்த வீட்டுக்குள்ளும் அதே கோட்டில் போகும். ஆகவே வெடிப்பைப் பார்த்தால் அதன் அகலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து பார்க்க வேண்டும். நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்த மறுத்தால், தச்சரைக் கூப்பிடும் முன் ஒரு முறை வீட்டுக்குப் பின்னால் போய் வாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் தண்ணீர். என் அப்பாயி இதைப் படிக்காமலே சொல்லும்: "ஊத்து இடம் மாறுனா மலை புரண்டு படுக்குதுன்னு அர்த்தம்." ஊற்றுக்கண் திடீரென்று அடைவது, இல்லாத இடத்தில் கசிவது, தெளிந்த நீர் செம்மண் கலங்கலாக வருவது எல்லாம் உள்ளே நீர்ப்பாதை மாறுவதன் அடையாளம். நீலகிரியில் கீழே சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. அதற்கு மேலே அந்தப் பாறையே மக்கி உண்டான மண், பல இடங்களில் பல மீட்டர் கனத்துக்கு. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதை நம்பித்தான் வீட்டுக்குப் பின்னால் வெட்டுகிறோம். நனைந்தால் அதன் குணமே வேறு.

ஒரு சின்னக் கணக்கு. ஒட்டும் தன்மை இல்லாத மண், உராய்வுக் கோணம் 30 டிகிரி, சரிவு 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்திருந்தால் பாதுகாப்புக் காரணி 1.24. ஒன்றுக்கு மேலே, நிற்கும். மழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறி, சரிவுக்கு இணையாகக் கசிந்தால் அதே காரணி ஏறத்தாழ 0.6. பாதிக்குப் பாதி! மண் மாறவில்லை, கோணம் மாறவில்லை. தண்ணீர் மட்டுமே வந்தது. கழுவிய டம்ளரை ஈர மேடையில் கவிழ்த்து வைத்தால் தானாக வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள்; எடையில் ஒரு பகுதியை உள்ளே சிக்கியது தாங்கிக்கொள்வதால் உராய்வு குறைகிறது. மண்ணுக்குள் துளைநீர் அழுத்தம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். நிஜத்தில் மண்ணின் ஒட்டும் தன்மையும் வேர்களும் கொஞ்சம் கைகொடுப்பதால்தான் பல சரிவுகள் இன்னும் நிற்கின்றன. இதை அறிந்தபின் தாங்குசுவரில் வீப் ஹோலைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எங்கள் லைனுக்குக் கீழே இருக்கும் சுவரில் அந்த ஓட்டைகளையெல்லாம் "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அழகு பார்த்த அந்த மகராசன் யாரோ!

சரி, வெடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலையில் அப்பாவிடம் இரண்டு இரும்புக் கம்பி வாங்கி, வெடிப்புக்கு மேல்பக்கம் ஒன்றும் கீழ்பக்கம் ஒன்றும் ஆழமாக அடித்தேன். தலையில் ஆக்ஸா பிளேடால் ஒரு கீறல். கீறலிலிருந்து கீறலுக்கு 640 மில்லிமீட்டர். இதற்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு, விலை உயர்ந்த கருவியும் உண்டு, அடிப்படை இதுதான். லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது என் மூன்று மீட்டர் டேப்பை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அஞ்சாவது வரை. நம்பர் படிப்பார். தினமும் கொழுந்துக்குப் போகும் முன் அளந்து எனக்கு போன்.

640. 640. 640. மூன்று நாள் இப்படியே. நாலாவது நாள் 643. அஞ்சாவது நாள் காலையில் அம்மா சொன்னது 649.

படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 649 என்ற எண்ணில் பயம் இல்லை. ஒரு நாளில் 3, அடுத்த நாளில் 6 என்பதில்தான் பயம். வெடிப்பு எவ்வளவு அகலம் என்பதைவிட அதன் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதே முக்கியம். வேகம் கூடிக்கொண்டே போனால் மண் உடையும் நேரத்தை நெருங்குகிறது என்பதை ஜப்பானில் புகுசோனோ என்பவர் 1985-இல் ஒரு வரைபடமாகவே ஆக்கிக் காட்டினார். வேகத்தின் தலைகீழ் எண்ணை நாள்வாரியாகக் குறித்தால், அந்தக் கோடு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். தொடும் இடம்தான் சரிவு நேரம் என்ற மதிப்பீடு. இரண்டு புள்ளி வைத்துக் கோடு போடுவது அறிவியல் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மெஸ்ஸுக்கு வெளியே நின்று, "அம்மா, இன்னிக்கு ராத்திரி யாரும் லைன்ல படுக்க வேண்டாம்" என்று சொன்னேன். குரல் நடுங்கியது.

பதினோரு வீடும் பாய், போர்வையோடு மண்டபத்துக்குப் போனது. அப்பாயியை அப்பா தூக்கிக்கொண்டு போனார். இரவு மழை விட்டது. மறுநாள் அளவு 651. அதற்கு மறுநாளும் 651. மலை விழவில்லை.

"படிச்சவ பேச்சைக் கேட்டு ராத்திரி பூரா குளிர்ல விறைச்சோம்" என்று அடுத்த லீவில் எல்லாரும் என்னைக் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வலித்தது நிஜம். ஆனால் இன்று கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். விழாத மலைக்குப் பயந்து ஓர் இரவு குளிரில் படுத்ததை நஷ்டம் என்று எழுதினால், எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதுவது? 2009 நவம்பரில், எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, இதே மாவட்டத்தில் அச்சனக்கல் உள்ளிட்ட பல இடங்களில் இரண்டு மூன்று நாளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 1993 நவம்பரில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே நடந்ததை அப்பா இன்னும் சொல்வார். சொல்லி முடிக்க மாட்டார்.

இனி சாட்டிலைட் பக்கம் போவோம். எனக்கு அதன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் நாட்டின் மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு அபாய வரைபடம் தயாரித்திருக்கிறது. முன்னறிவிப்புச் சோதனைக்கு முதலில் எடுத்த இரண்டு இடங்களில் நம் நீலகிரி ஒன்று, டார்ஜிலிங் மற்றொன்று. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய முன்னறிவிப்பு மையமே திறந்தார்கள். எல்லாம் தேவையான வேலை. ஆனால் அந்த வரைபடத்தின் அளவு 1:50,000. அதாவது மேப்பில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். எங்கள் லைன் முழுவதும் அதில் ஒரு பேனாப் புள்ளி! எந்த மலைப்பக்கம் ஆபத்து என்று அது சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது. சொல்வதற்காக அது செய்யப்படவும் இல்லை.

ரேடார் சாட்டிலைட் தரை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் காட்டிவிடும் என்பது உண்மை. வெறும் பாறையிலும் ஊர்க் கட்டடங்களிலும் நன்றாகக் காட்டும். நம் மலையில் காடும் தேயிலையும். சென்டினல் சாட்டிலைட்டின் ரேடார் அலை ஐந்தரை சென்டிமீட்டர் நீளம்தான். இலை அசைந்தாலே அதற்குக் குழப்பம். இதற்காகத்தான் நீள அலை கொண்ட நிசார் சாட்டிலைட்டை இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். ஏவிய தேதி 2025 ஜூலை 30. வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனது 2024 ஜூலை 30. தேதி தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் படித்தபோது மனசு என்னவோ செய்தது. நிசார் ஒரே இடத்தை ஒரே கோணத்தில் 12 நாளுக்கு ஒருமுறை பார்க்கும். எங்கள் வெடிப்பு 640-லிருந்து 649 ஆனது இரண்டே நாளில்.

தரையிலேயே வைக்கும் நல்ல கருவிகள் உண்டு. துளை போட்டு இறக்கும் இன்க்ளினோமீட்டர் எந்த ஆழத்தில் நழுவுகிறது என்று சொல்லும். பீசோமீட்டர் நீர் அழுத்தம் சொல்லும். மூணார் அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் இவற்றைக் கம்பியில்லா முறையில் இணைத்து வருஷக்கணக்காகக் கண்காணித்திருக்கிறது. கேள்வி, எல்லா மலைக்கும் யார் வைப்பது என்பதே. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கேன்யன் என்ற தாமிரச் சுரங்கம். அதன் ஒரு பக்கச் சுவர் நகர்வதை 2013 பிப்ரவரியிலேயே கருவிகள் பிடித்துவிட்டன. ரேடார் வைத்து ராப்பகலாகப் பார்த்தார்கள். ஏப்ரல் 10 அன்று ஆட்களை வெளியேற்றினார்கள். அன்று இரவு கோடிக்கணக்கான டன் பாறை சரிந்தது. ஒருவருக்குக்கூட காயம் இல்லை!

இதைப் படித்துவிட்டு நான் நினைத்தது பெட்டிமுடியை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்குப் பக்கத்தில், லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள், பலர் கயத்தாறு பக்கத்தைச் சேர்ந்தவர்கள். செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. தாமிரத்துக்கு ரேடார் வைக்கலாம். கொழுந்து பறிப்பவருக்கு ஒரு டேப்பாவது வைக்கக் கூடாதா?

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெட்டிமுடியிலும் வயநாட்டிலும் வந்தது, வீட்டுக்குப் பின்னால் மெதுவாக வெடிக்கிற ரகம் இல்லை. மலை உச்சிக்குப் பக்கத்தில் உடைந்து, ஓடைவழியே பாறையும் மரமும் சேறுமாகப் பாய்ந்து வருகிற ரகம். வயநாட்டில் அது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதற்கு என் இரண்டு கம்பி பிரயோஜனம் இல்லை. அங்கே வீட்டைச் சுற்றிப் பார்த்தால் போதாது; ஓடையோடு மேலே ஏறிப் பார்க்க வேண்டும். பழைய பெரும்பாறைகள் ஓடையோரம் குவிந்து கிடந்தால், அவை ஒரு நாள் வந்தவைதான். மறுபடி வரும். கொட்டும் மழையில் ஓடை நீர் திடீரென்று வற்றினால் சந்தோஷப்படாதீர்கள், மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது; அளந்து பார்க்க நேரமில்லை, ஓடையை விட்டு மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். மழைமானி ஒன்று ஒவ்வொரு டிவிஷனுக்கும் வேண்டும் என்பதும் இதனால்தான். 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பக்கத்து மலையில் அதே மழை பெய்திருக்கும் என்று சொல்ல முடியுமா?

மண்டபத்தில் படுத்த கதைக்குப் பிறகு, என் நோட்டை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். தேதி, அளவு, மழை, கிராஃப் எல்லாம் போட்டிருந்தேன். அங்கிருந்தவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "யாரும்மா உன்னை அளக்கச் சொன்னது?" என்றார். இந்தக் கேள்வி புதிதல்ல. வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற நிலக்கரி ஊரில், 1966 அக்டோபர் 21 காலை, சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டுக்கு அடியில் ஊற்று இருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அரசாங்க வரைபடத்திலேயே ஓடை குறித்திருந்தது. முன்கூட்டியே எச்சரித்துக் கடிதங்களும் போயிருந்தன. அங்கே சாட்டிலைட் இல்லாததா குறை?

தை மாதம் வந்த புவியியலாளர் வேறு மாதிரி மனிதர். ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலில் அப்பாயியிடம்தான் பேசினார். "பாட்டி, முன்னாடி ஊத்து எங்க இருந்தது?" அப்பாயி கைகாட்டிய இடம் வெடிப்புக்கு நேர் கீழே, இப்போது காய்ந்த இடம். பிறகு என்னிடம் திரும்பி, "ரீடிங் ஏதாவது இருக்கா?" என்றார். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். அப்புறம் தேயிலைக்கு மேலே ஏறிப்போய்ப் பார்த்தால், பழைய வடிகால் ஒன்று உடைந்து அதன் தண்ணீர் முழுவதும் நேராக வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வடிகாலைத் திருப்பி, வெடிப்பைக் களிமண் வைத்து இடித்து அடைத்து, மேலே தார்ப்பாய் போடச் சொன்னார். அப்பாவும் லைன் பையன்களும் அரை நாளில் முடித்தார்கள். அடைத்த வீப் ஹோல்களையும் உளி வைத்துத் திறந்தார்கள். இது நிரந்தரத் தீர்வு இல்லை என்றும் அவர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நம் பாடத்தில் சரிவு உறுதிப்பாடு ஒரு யூனிட். வட்டம் வரைகிறோம், துண்டு துண்டாக வெட்டுகிறோம், கூட்டி வகுக்கிறோம். ஆனால் மூன்று வருஷத்தில் நம்மில் எத்தனை பேர் நிஜ வெடிப்பில் கையை விட்டுப் பார்த்திருக்கிறோம்? சர்வே கேம்ப் வருஷா வருஷம் சமதளத்தில், நிழலில், பிரியாணிப் பொட்டலத்தோடு முடிகிறது. அதை மலைச்சரிவில் வைத்தால் என்ன? டோட்டல் ஸ்டேஷன் வைத்து ஐந்து குறிகளை வருஷம் இருமுறை அளந்தால், படித்து வெளியே போன பிறகும் அடுத்த செட் மாணவர்கள் தொடரலாம். மலைக்கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடிப்புப் பதிவேடு, அதை எழுத ஒரு டிப்ளமோ படித்தவர் என்று ஊராட்சிகள் வைத்தால் நம்மில் பலருக்கு வேலையும் ஆகும். இன்ஜினியர்கள் வந்து செய்யட்டும் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. மழை நாளில் இன்ஜினியர் வரும் ரோட்டில்தான் முதலில் மண் விழும். கேட்டால் எங்கள் அப்பா சொல்வார்.

துறைத்தலைவரிடம் கேட்டு, செமஸ்டர் லீவின் முதல் ஞாயிறு எங்கள் லைனுக்குப் போக அனுமதி வாங்கியிருக்கிறேன். வர விரும்புவோர் மூன்றாமாண்டு சிவில் வகுப்பில் பெயர் கொடுக்கலாம். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களும் வரலாம். ரேஞ்சிங் ராடும் லெவலும் துறையிலிருந்து கிடைக்கும். ஷூ போட்டு வரவும். அட்டை கடிக்கும், கொஞ்சம் உப்பு பொட்டலம் கட்டிக்கொள்ளவும். மதியச் சாப்பாடு அம்மா பொறுப்பு. இன்று காலை அம்மா சொன்ன அளவு 652.